நாட்டுக் கஞ்சாவும் சீமைக் கஞ்சாவும்

வழக்கமா டிஸ்கியைக் கடைசியில்தான் போடுவாங்க. இந்தத் தலைப்புக்கு அது சரிப்படாது என்பதால் முதலிலேயே போட்டுவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் கஞ்சா பயிரிட்டால் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப்படி பத்து வருடம் வரை உள்ளே இருக்கலாம். நான் புகைப்பதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. என் மாடியில் இருப்பது கத்தரி, தக்காளி, நாலு மிளகாய்ச் செடி, வருவதா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு கறிவேப்பிலை. அவ்வளவுதான். வளர்ப்பது எப்படின்னு கேட்டு யாரும் மெயில் அனுப்பாதீங்க, பதில் வராது :-)

எனக்கு இருப்பது விதைப் பைத்தியம். நாட்டு ரகம், வீரிய ஒட்டு ரகம் என்று எங்கே பேச்சு வந்தாலும் காதைக் கொடுத்துவிடுவேன். நெல்லிலும் பருத்தியிலும் தக்காளியிலும் நாம் பேசிப் பேசி அலுத்த அதே கதை கஞ்சாவிலும் நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது சும்மா இருக்க முடியவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன். கதை நடக்கும் இடம் மொராக்கோவின் வடக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி நிற்கும் ரிஃப் மலை. நான் அங்கே போனதில்லை. படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வார்த்தைகள். மொராக்கோவின் பேச்சு அரபியில் 'பெல்தி' என்றால் நாட்டு, உள்ளூர். 'ரூமி' என்றால் வெளியிலிருந்து வந்தது, ஐரோப்பியர்களுடையது. ரோமாபுரி என்ற பேரிலிருந்து வந்த சொல். பெல்தி கோழி என்றால் முற்றத்தில் மேயும் கோழி. ரூமி கோழி என்றால் பண்ணையில் வளரும் பிராய்லர். முட்டையிலும் இதே பிரிவினை உண்டு, வீட்டு விருந்துக்குப் பெல்தி, அவசரத்துக்கு ரூமி. இதைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் 'நாட்டு', 'சீமை' என்று சொல்வது அப்படியே இதுதானே! நாட்டுக்கோழி, சீமைக்கருவேலம்.

அந்த வழக்கப்படியே ரிஃப் மலையின் பழைய கஞ்சாவுக்குப் பேர் 'பெல்தியா'. நாட்டுச் செடி. 2000களின் நடுவில் வந்து சேர்ந்த ஹைப்ரிட்களில் பேர் வாங்கியது 'கர்தாலா'. அதற்குப் பின்னால் பாகிஸ்தானா, மெக்சிகானா, கிரிட்டிக்கல் என்று வரிசையாக வந்தன.

பெல்தியா எப்படிப்பட்ட செடி?

ரிஃபில் மழை குளிர்காலத்தில்தான். கோடை வறண்டு கிடக்கும். பெல்தியா அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கும் பயிர். பிப்ரவரி, மார்ச்சில் விதையைத் தூவி விடுவார்கள். மண்ணில் தங்கிய மழை ஈரத்திலேயே வளர்ந்து, சீக்கிரம் பூத்து, ஜூலை ஆகஸ்டில் அறுவடைக்கு வந்துவிடும். அதாவது முழு மானாவாரி. நெருக்கமாகத் தூவுவதால் செடி பக்கக்கிளை அதிகம் விடாது, ஒல்லியாகக் குச்சி மாதிரி நிற்கும். பார்த்தால் நோஞ்சான். ஆனால் தண்ணீர் கேட்காது, உரம் அதிகம் கேட்காது, சரிவிலும் கல்லு மண்ணிலும் சமாளிக்கும்.

கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி (நம்ம பனை மாதிரி). மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். போதை தரும் பிசின் இருப்பது பெண் பூவைச் சுற்றியுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். பெல்தியா வயலில் இரண்டும் கலந்து நிற்கும், அதனால் பூவெல்லாம் விதை பிடிக்கும். காய்ந்த செடியை, பாத்திரத்தின் வாய்க்குக் கட்டிய மெல்லிய துணிமேல் போட்டுத் தட்டினால் பிசின் தூள் கீழே இறங்கும். அதை அழுத்தினால் ஹஷிஷ். கையோடு விதையும் உதிரும், அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம். விதைக்குக் காசு கிடையாது.

இந்தச் சல்லடை முறையே ரிஃபுக்கு 1960, 70களில் வந்ததுதான். அதற்கு முன் பூவைப் புகையிலையோடு பொடியாக நறுக்கி, நீளமான குழலில் வைத்துப் புகைத்தார்கள், அதற்குப் பேர் கிஃப். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுல்தான் ஐந்து ஊர்களுக்கு மட்டும் பயிரிட அனுமதி கொடுத்தார் என்பது அங்கே இன்றும் பேசப்படும் விஷயம். 1956இல் நாடு விடுதலையான பிறகு தடை வந்தது, 1974இல் சட்டம் இன்னும் இறுகியது. சட்டம் ஒருபக்கம் இருக்க வெள்ளாமை மறுபக்கம் நடந்துகொண்டே இருந்தது. 2003இல் ஐ.நா.வும் மொராக்கோ அரசும் சேர்ந்து கணக்கெடுத்தபோது 1,34,000 ஹெக்டேர். அதை நம்பியிருந்தவர்கள் சுமார் 96,600 குடும்பங்கள்.

சீமைச்செடி எங்கிருந்து வந்தது?

1970களில் கலிஃபோர்னியாவில் சிலர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த விதைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார்கள். மெக்சிகோ, கொலம்பியா செடிகள் உயரமாக வளரும், ஆனால் பூப்பதற்குள் குளிர் வந்துவிடும். ஆப்கானிஸ்தான் செடி குட்டை, அகல இலை, சீக்கிரம் பூக்கும், பிசின் அதிகம். இரண்டையும் சேர்த்தால்? அப்படிப் பிறந்ததில் பேர் பெற்றது 'ஸ்கங்க் நம்பர் 1'. கொலம்பியா, மெக்சிகோ, ஆப்கான் மூன்றும் அதன் வம்சாவளியில் உண்டு என்பார்கள். 1980களில் அது நெதர்லாந்து போனது. அங்கே விதைக் கம்பெனிகள் முளைத்தன. அட்டவணை போட்டுத் தபாலில் விதை விற்றார்கள். அங்கிருந்து ஸ்பெயின். ஸ்பெயினிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டினால் மொராக்கோ.

இங்கே ஹைப்ரிட் பற்றி ஒரு நிமிஷம். இரண்டு வேறுபட்ட, நிலையான பெற்றோரைச் சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் இரண்டையும் விட வாட்டசாட்டமாக இருக்கும். அதனால்தான் தமிழில் வீரிய ஒட்டு என்று அழகாகப் பேர் வைத்தார்கள். சிக்கல் அடுத்த தலைமுறையில். போன வருடம் ஹைப்ரிட் தக்காளிப் பழத்திலிருந்து விதை எடுத்து, என்னதான் வருகிறது பார்ப்போமே என்று ஆறு தொட்டியில் போட்டேன். ஒன்றில் அம்மா மாதிரியே உருண்டைப் பழம். ஒன்றில் சுண்டைக்காய் சைஸ். ஒன்று ஆள் உயரம் வளர்ந்து மூன்றே மூன்று காய் காய்த்தது. மற்ற மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. தாத்தா பாட்டியின் குணங்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து விழுந்துவிட்டன. எனக்கு இது விளையாட்டு. அந்த ஆறு தொட்டியை நம்பிப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருப்பவனுக்கு விளையாட்டு இல்லை. அவன் வருடா வருடம் புது விதை வாங்கித்தான் ஆக வேண்டும்.

கஞ்சா உலகத்தில் ஹைப்ரிட் என்ற வார்த்தை இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. ஹைப்ரிட்டோடு ஹைப்ரிட், அதோடு இன்னொரு ஹைப்ரிட் என்று நாலைந்து சுற்று போனவையும் அதே பேரில்தான் விற்கின்றன. ஒரே பாக்கெட்டில் அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி.

கர்தாலாவின் ஜாதகம்

பெல்தியாவை ஒல்லிக்குச்சி என்று சொன்னேன் இல்லையா, கர்தாலா புதர். ஒவ்வொரு செடிக்கும் இடைவெளி விட்டு நட வேண்டும். பக்கக்கிளை விட்டுப் படர்ந்து, கனமான பூங்கொத்து வைக்கும். ஒரே அளவு நிலத்தில் பெல்தியாவைப் போலப் பல மடங்கு பிசின். அறுவடை செப்டம்பர், அக்டோபரில். இந்தக் கடைசி வரியில்தான் எல்லாமே இருக்கிறது. ஜூலையில் மண் ஈரம் தீர்ந்துவிடும். பெல்தியா மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் கர்தாலா அப்போதுதான் சாப்பிட உட்காருகிறது. வறண்ட கோடை முழுவதும் அதற்குத் தண்ணீர் ஊற்றணும். மானாவாரிப் பயிர் இறவைப் பயிராகிவிட்டது.

வீரியமும் அப்படித்தான். டி.எச்.சி. (போதை ஏற்றுவது), சி.பி.டி. (போதை ஏற்றாதது) இரண்டுமே செடிக்குள் ஒரே மூலப்பொருளிலிருந்து உருவாகின்றன. எந்த நொதி இருக்கிறதோ அதைப் பொறுத்து எது உருவாகும் என்பது தீர்மானமாகிறது. இது பரம்பரையாக எப்படி இறங்குகிறது என்பதை 2003இல் டி மேயர் குழுவினர் கலப்புச் சோதனை செய்து காட்டினார்கள். பழைய மொராக்கோ ஹஷிஷில் டி.எச்.சி.யோடு சி.பி.டி.யும் சொல்லத்தக்க அளவு இருந்தது. ஹைப்ரிட்களை வளர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது டி.எச்.சி. ஒன்றை மட்டும். விளைவு, ஐரோப்பாவில் பிடிபட்ட ஹஷிஷின் சராசரி டி.எச்.சி. 2006இல் 8 சதவீதம், 2016இல் 17 சதவீதம். பத்தே வருடத்தில் இரண்டு மடங்கு. வீரியம் கூடிய சரக்கைத் தினமும் உபயோகிப்பவர்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வு வந்தது. அங்கே சரக்கைப் பிரித்துப் பார்த்தது அதன் வீரியத்தை வைத்துத்தான். ஆனால் 'அந்தக் காலத்துல எல்லாரும் இழுத்தாங்க, என்ன ஆச்சு?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அந்தக் காலத்துச் செடியும் இந்தக் காலத்துச் செடியும் ஒன்று இல்லைங்க.

ஏன் மாறினார்கள்?

பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

2003க்குப் பிறகு அரசு பல இடங்களில் பயிரை அழித்தது. 2013 வாக்கில் அரசு சொன்ன கணக்கு சுமார் 47,500 ஹெக்டேர், பழைய அளவில் பாதிக்கும் கீழ். அப்படியென்றால் ஹஷிஷும் பாதியாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. பியர் ஆர்னோ ஷூவி, கென்சா அஃப்சாஹி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2014இல் இந்தப் புதிரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன விடை, நிலம் சுருங்கியது, சீமைச்செடி வந்து அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது.

அந்த விவசாயி இடத்தில் நின்று பாருங்கள். நிலம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் குறையவில்லை. வெளிநாட்டு வியாபாரி வந்து 'இந்த விதைன்னா வாங்கிக்கறேன், உன் பழைய சரக்கு வேண்டாம்' என்கிறான். மலைச்சரிவில் வேறு எதைப் போட்டாலும் அந்தக் காசு வராது. இதில் பெல்தியாதான் போடுவேன் என்று அடம் பிடிக்க அவனுக்கு என்ன வசதி இருக்கிறது? இத்தனைக்கும் லாபத்தில் பெரிய பங்கு போவது கடல் தாண்டிக் கொண்டுபோய் விற்பவனுக்கு.

ஆனால் ஊர் முழுக்க மாறியபோது என்ன ஆனது? கிணறு இல்லாதவன் கர்தாலா போட முடியாது. கிணறு தோண்ட, பம்பு வைக்க, சொட்டுநீர்க் குழாய் இழுக்க முதல் வேண்டும். முதல் உள்ளவன் ஆழமாகத் தோண்டினான். பக்கத்துக்காரன் கிணறு இறங்கியது. இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, கோயம்புத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போதாக்குறைக்கு 2018இன் கடைசியிலிருந்து மொராக்கோவில் தொடர்ந்து ஏழு வருடம் மழை பொய்த்தது. ஆடுமாடு எண்ணிக்கை எவ்வளவு விழுந்தது என்றால், 2025 பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க வேண்டாம் என்று அரசரே மக்களைக் கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட வருடங்களில் கோடை முழுக்கத் தண்ணீர் கேட்கும் செடி ஒன்று மலை மேலே நிற்கிறது.

விதை என்ன ஆனது?

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். கிணறு வற்றினால் நல்ல மழை வந்து கொஞ்சமாவது ஊறலாம். விதை போனால் போனதுதான்.

நாட்டு ரகம் மியூசியத்தில் வைக்கிற பொருள் இல்லை. அதைக் காப்பாற்ற ஒரே வழி வருடா வருடம் விதைப்பது. பரணில் கட்டி வைத்தால் சில வருடங்களில் முளைப்புத்திறன் போய்விடும். ஊரில் பத்துப் பேர் விதைத்த இடத்தில் இரண்டு பேர் விதைத்தால், அந்த இரண்டு பேரின் வயலில் எது இருக்கிறதோ அதுதான் மிச்சம். அதிலும் கலப்பு வேறு. பெல்தியாவும் ஹைப்ரிட்டும் பூக்கும் காலம் வேறு என்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம்தான். ஆனால் கஞ்சா மகரந்தம் சாதாரணமா பயணம் போகாது. வட ஆப்பிரிக்காவின் கஞ்சா மகரந்தம் கடல் தாண்டி ஸ்பெயினின் மாலகா நகரத்துக் காற்றில் சிக்கியதாக 1997இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. கடலையே தாண்டுகிற தூளுக்குப் பக்கத்து வயல் வரப்பு எம்மாத்திரம்?

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. சீமை ஹைப்ரிட்கள் எல்லாமே ஏதோ ஒரு ஊரின் நாட்டுச் செடியிலிருந்து பிறந்தவைதான். ஆப்கான் மலைக்காரன் காப்பாற்றிய விதை, மெக்சிகோக்காரன் காப்பாற்றிய விதை. நம்ம பக்கமும் சும்மா இல்லை. 1970களில் கலிஃபோர்னியாவில் பிறந்த 'ஹேஸ்' வம்சாவளியில் தென்னிந்தியச் செடியும் உண்டு என்று அதை வளர்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1990களில் நெதர்லாந்தில் ஓகோவென்று ஓடிய 'ஒயிட் விடோ'வுக்கு அம்மா பிரேசில், அப்பா தென்னிந்தியா என்பார்கள், கேரளா என்று குறிப்பாகச் சொல்வோரும் உண்டு. கம்பத்திலிருந்து மலை ஏறினால் வருகிற இடுக்கியின் செடிக்கு அவ்வளவு பேர். 2013இல் அந்தப் பேரிலேயே 'இடுக்கி கோல்ட்' என்று மலையாளத்தில் ஒரு படம்கூட வந்தது. பிள்ளைக்கு ஆம்ஸ்டர்டாமில் பேர் வைத்து பாக்கெட் போட்டு விற்றார்கள். அப்பனுக்குப் பேரும் இல்லை, பட்டாவும் இல்லை.

நாளைக்குப் புதுசா ஒரு ஹைப்ரிட் வேண்டும், வறட்சி தாங்க வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? மறுபடி பெல்தியாவைத் தேடித்தான் வரணும். அப்போது அது இருக்கணுமே.

திரும்பி வந்த நாட்டுச்செடி

இங்கேதான் கதை கொஞ்சம் திரும்புகிறது. 2021இல் மொராக்கோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருந்து, அழகுசாதனம், தொழிற்சாலை உபயோகம் இவற்றுக்காக அல் ஹொசைமா, ஷெஃப்ஷாவுன், தவுனாத் என்ற மூன்று மாகாணங்களில் உரிமத்தோடு கஞ்சா பயிரிடலாம். புகைப்பதற்கு இல்லை. முதலில் இறக்குமதி செய்த சான்று விதையைத்தான் கொடுத்தார்கள். அதாவது மறுபடியும் சீமை விதை! 2023இல் சட்டபூர்வ அறுவடை 294 டன். 2024 பருவத்தில் பெல்தியாவுக்கும் உரிமம் கொடுத்தார்கள். அந்த வருட அறுவடை நாலாயிரம் டன்னைத் தாண்டியது. அதே வருடம் ஆகஸ்டில், கஞ்சா பயிரிட்ட வழக்குகளில் தண்டிக்கப்பட்ட, தேடப்பட்ட 4,800க்கும் மேற்பட்டவர்களுக்கு அரசர் மன்னிப்பு வழங்கினார். வழக்குக்குப் பயந்து அடையாள அட்டைகூட எடுக்காமல் மலையிலேயே ஒளிந்து வாழ்ந்த மனிதர்கள் பல பேர் அங்கே உண்டு.

கர்தாலாவுக்கு அந்தச் சட்டபூர்வ வழியில் இடம் இல்லை. பல வருடம் துரத்தித் துரத்தி அழித்த நாட்டுச்செடியைத்தான் அரசாங்கம் இப்போது கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது. எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. கள்ளச் சந்தை அப்படியேதான் இருக்கிறது, கர்தாலாவும் நிற்கிறது, சட்டபூர்வ விலை கட்டுப்படியாகுமா என்று விவசாயி கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் பெல்தியாவுக்குத் திரும்ப நினைத்தவனுக்கு விதை கிடைத்தது பாருங்கள், அதுதான் என்னை யோசிக்க வைத்தது. எங்கேயோ ஒரு சரிவில், கிணறு தோண்ட வசதியில்லாத எவனோ, வேறு வழியில்லாமல் அதையே விதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வியாபாரி சீந்தாத அந்த வயல்தான் விதை வங்கியாக இருந்திருக்கிறது. அவன் பாதுகாக்கணும்னு நினைத்துப் பாதுகாத்திருக்க மாட்டான். அதற்காக அவனுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவும் போவதில்லை.

நான் ஹைப்ரிட்டுக்கு எதிரி இல்லை. நாம் இன்றைக்குச் சாப்பிடும் காய்கறிகளில் பல வீரிய ஒட்டு ரகம்தான், அது இல்லாமல் மார்க்கெட்டில் தக்காளி இந்த விலைக்கு வராது. சீமை விதை வரட்டும். ஆனால் அது வந்த வேகத்தில் நாட்டு விதையை வெளியே தள்ளும்போது, தள்ளப்படுவது ஒரு செடி மட்டும் இல்லை. அந்த மண்ணில் எவ்வளவு மழை பெய்யும், எப்போது நிற்கும் என்று பல தலைமுறையாக அந்தச் செடி கற்றுக்கொண்ட பாடமும் சேர்த்துத்தான் போகிறது. அதைத் திரும்ப எழுத இன்னும் பல தலைமுறை ஆகும்.

உங்கள் வீட்டில் யாராவது பெரியவர்கள் சுரைக்குடுக்கையிலோ, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ அவரை, பீர்க்கை, நாட்டுக் கத்தரி விதை ஏதாவது போட்டு வைத்திருந்தால், பாட்டிலை அப்படியே பத்திரப்படுத்தாதீர்கள். அடுத்த பட்டத்துக்கு மண்ணில் போடுங்கள். கொஞ்சம் எனக்கும் அனுப்பி வையுங்கள். கஞ்சா விதை மட்டும் வேண்டாம் :-)